பொன்னுருக்கு முடியட்டும் என்றிருந்த மூன்று கிழமை

எங்கள் அக்கா அச்சுவேலியில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். மணமாகிக் கொழும்பு சென்ற இடத்தில் இதயத்தின் வால்வு பழுதாகி, நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு பொருத்தினார்கள். மறுவருடம் எண்பத்து மூன்று ஆடிக் கலவரம். அத்தானைப் பறிகொடுத்து, பத்து வயது மகளோடு அகதிக் கப்பலில் ஊருக்கே வந்திறங்கினார். தையல் மெஷின் மிதித்தே மகளை ஆளாக்கினார். அவருடைய கிணற்றடியில் ஒருநாளும் பாசி படிந்ததில்லை.

அக்காவின் செத்தவீட்டில் சிலர் மூக்கைச் சுளித்தார்கள். "நெஞ்சுக்குள்ளை பூஞ்சணமாம். என்ன ஊத்தையோ!" என்று குசுகுசுத்து, தந்த தேநீரையும் தொடாமல் போனார்கள். தூ! அது ஊத்தையுமல்ல, தொற்றுவதுமல்ல. "பழம் பாணிலை பிடிக்கிறமாதிரி வால்விலை பிடிச்சிருக்கு. நானே இண்டைக்குத்தான் காணுறன்" என்று ஆசுபத்திரியில் வைத்தியரே சொல்லியிருந்தார்.

அவர்களைவிட எனக்கு அருவருப்பானவன் ஒருவன் இருக்கிறான்.

மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகி, தாலிக்குத் தங்கம் உருக்கும் பொன்னுருக்குக்கு நாள் வைத்த வேளையில் அக்காவுக்குக் காய்ச்சல் தொடங்கியது. மாப்பிள்ளையின் தமக்கை ஆசுபத்திரியில் தாதி. நெஞ்சுத் தழும்பை அவர் கண்டால் சம்பந்தம் குழம்பும் என்று மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், வீட்டிலேயே மூலிகைக் குடிநீர் அவித்துக் கொடுத்தோம். பூஞ்சணத் துண்டொன்று இரத்தத்தோடு போய்க் காலின் குழாயை அடைத்து, கால் நீலம் பாரித்த பிறகே தூக்கிக்கொண்டு ஓடினோம். கொழும்பில் அயலவர் ஒருவர் வாங்கிய மருந்து, போரால் பாதை மூடியிருந்ததால் கிளாலிக் கடலேரி கடந்து வந்து சேர்ந்தபோது அக்காவுக்கு நினைவு தப்பியிருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டார்.

கடைசிவரை அவரைத் துடைத்துப் பராமரித்தவர் அந்தத் தாதிதான். என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "கப்பலாலை வந்தவைக்கு முகாமிலை மருந்து குடுத்தது நான். அக்காவின்ரை தழும்பை அண்டைக்கே கண்டனான். தெரிஞ்சுதானே பெண் கேட்டனாங்கள். ஏன் அண்ணை ஒளிச்சனீங்கள்?"



அவருக்கும், அக்காவின் முதலாண்டு ஆட்டைத் திதி முடியும்வரை கலியாணத்துக்குக் காத்திருக்கும் அவர் வீட்டாருக்கும், மருந்தை நெஞ்சோடு அணைத்துக் கடலேரி கடந்த அயலவருக்கும், வைத்தியருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

மகளே, உன் அம்மாதான் ஆசுபத்திரிக்கு வர மறுத்தார் என்று உனக்கும் ஊருக்கும் சொன்னேன். அது பொய். முதற்கிழமையே, நீ கிணற்றடியில் நின்றபோது, "தம்பி, மூச்சு விட ஏலாமல் கிடக்கு. ஆசுபத்திரிக்குப் போவம்" என்று என் கையைப் பிடித்தார்.

"பொன்னுருக்கு முடியட்டும் அக்கா" என்று அந்தக் கையை விலக்கியவன் நான்.