நாலாம் நம்பர் மெஷின்

ஏற்காட்டில் நான் வைத்திருப்பது செல்போன் ரிப்பேர் கடை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற டூரிஸ்ட்டுகள் சார்ஜர் வாங்கும் சாக்கில், அண்ணே, பதிமூன்றாவது வளைவில் வெள்ளைச் சேலைக்காரி நிற்பாளாமே என்று ஆரம்பிப்பார்கள். இந்தக் குளிரில் அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுக்க ஆளில்லையா என்று நான் கேட்பேன். பிறந்ததிலிருந்து இந்த மலையில்தான் இருக்கிறேன். முன்னால் போகிற வண்டியின் விளக்குகூடத் தெரியாத மூடுபனியில் ஓட்டியிருக்கிறேன், எஸ்டேட் கல்லறைப் பக்கம் பஞ்சராகி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன், கொசு கடித்ததைத் தவிர எனக்கு ஒன்றும் நடந்ததில்லை. அப்படிப்பட்டவன் இப்போது வாயைத் திறந்தால் நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள் என்று தெரியும். பார்த்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை, நடந்ததை நடந்த மாதிரியே சொல்லிவிடுகிறேன்.

பிட்காயின் மைனிங் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். செருப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய மெஷின், மிக்ஸி ஓடுகிற மாதிரி இரைந்துகொண்டு இருபத்து நாலு மணி நேரமும் கணக்குப் போடும். உலகம் முழுக்க இதே மாதிரி மெஷின் வைத்திருக்கிறவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து கணக்குப் போடுவார்கள், நம் மெஷின் செய்த வேலைக்குத் தகுந்த பங்கு நமக்கு வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது கரண்ட்டைத் தின்கிற தீனிக்கு, வருகிறது முழுக்க மின்சார பில்லுக்கே போய்விடும். கரண்ட் மலிவாகக் கிடைக்கிறவனுக்குத்தான் அந்தத் தொழில். மலிவென்ன, சும்மாவே கிடைக்கிற இடம் எனக்குத் தெரிந்திருந்தது, புத்தி நேராக அங்கேதான் போனது.

பக்கத்து மலைக்கிராமமான செம்மநத்தத்தில் பொன்னுசாமி அண்ணன் என்று ஒருவர். ராகி, காப்பி, கொஞ்சம் மிளகு. என் கடையில் போன் வாங்கி, ரிப்பேருக்கு வந்து வந்து பழக்கமானவர். அவர் கிணற்று மோட்டாருக்கு விவசாயத்துக்கான இலவச மின்சாரம் இருந்தது. மோட்டார் ரூமிலிருந்து ராகிக்காட்டின் குறுக்கே, காப்பிக்கொட்டை போட்டு வைக்கிற அறை வரைக்கும் ஒரு ஒயர் இழுத்துவிட்டால் போதும், நாலு பழைய மெஷின் தாராளமாக ஓடும். தப்புதான். தெரியாமல் செய்தோம் என்று சொல்ல மாட்டேன். அண்ணன் தயங்கினார், நான்தான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன்.

நாலு மெஷினுக்கும் மார்க்கர் பேனாவால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நம்பர் எழுதினேன். என் போனில் ஒரு ஆப். எது ஓடுகிறது, எது நின்றது என்று கடையில் உட்கார்ந்தபடியே தெரியும். ஓடுகிறது பச்சை, நின்றது சாம்பல், அவ்வளவுதான்.

எங்களுக்கு வந்த காயினைவிட அந்த மெஷின்கள் விட்ட அனல்காற்றுக்குத்தான் ஊரில் மரியாதை. மழைக்காலத்தில் அங்கே ஒன்றும் காயாது. அண்ணனின் சம்சாரம் ராசாத்தி அக்கா மெஷினுக்குப் பின்னால் சாக்கு விரித்துக் காப்பிக்கொட்டையைப் பரப்பிக் காலாலேயே கிளறிவிடுவார், இரண்டு நாளில் சலசலவென்று காய்ந்துவிடும். அப்புறம் பக்கத்து வீட்டு மிளகு வந்தது, மிளகாய் வந்தது, குழந்தைத் துணியெல்லாம் வந்தது. நான் உலகப் பொருளாதாரம் என்று நினைத்துக்கொண்டிருந்ததற்கு ஊரார் வைத்த பேர் வெக்கை மிஷின்.

இதில் ஒரே பயம் லைன்மேன். கரண்ட் போனால் அவர் வருவார், வந்தால் மோட்டார் ரூம் வரைக்கும் லைனைப் பார்ப்பார், எங்கள் ஒயர் கண்ணில் பட்டால் இணைப்பையே வெட்டிவிடுவார்கள், அப்புறம் அண்ணனின் காட்டுக்குத் தண்ணீர் கிடையாது. அதனால் நான் ஒரு ஏற்பாடு சொல்லிக் கொடுத்தேன். மெஷின் சத்தம் நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம், உடனே ஓடிப்போய் ஒயரைக் கழற்றிச் சுருட்டிக் காப்பி மூட்டைக்கு அடியில் போட்டுவிட வேண்டும், கரண்ட் இல்லாத ஒயரை வெறுங்கையால் தொட்டால் என்ன ஆகப்போகிறது. எட்டு ஒன்பது மாதத்தில் அண்ணன் இதை எத்தனை முறை செய்திருப்பார் என்று தெரியாது, அவ்வளவு பழகிவிட்டது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று கனமான கம்பியாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

ஐப்பசி மாதம், நாலு நாளாக விடாத மழை. மூன்றரை மணிக்கே கடையில் லைட் போட்டிருந்தேன், மூடுபனி கல்லாப் பெட்டி வரைக்கும் வந்துவிட்டது. கடையில் காத்திருந்த ஒரு டீச்சரின் போனுக்கு டிஸ்ப்ளே மாற்றிக்கொண்டிருந்தபோது என் போன் மூன்று முறை அடுத்தடுத்து ஒலித்தது. ஒன்று, இரண்டு, மூன்று நம்பர் மெஷின்கள் நின்றுவிட்டன என்று ஆப்பின் சத்தம். மழைக்குக் கரண்ட் போயிருக்கும், அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று வேலையைத் தொடர்ந்தேன். எதற்கும் ஒரு தடவை பார்ப்போம் என்று ஆப்பைத் திறந்தேன். மூன்று சாம்பல். நாலாம் நம்பர் மட்டும் பச்சை.

ஒரு மெஷின் ஓடுகிறதென்றால் ஒயரில் கரண்ட் இருக்கிறது. எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது அது ஒன்றுதான். அண்ணனைக் கூப்பிட்டேன். இரண்டு முறை லைன் கிடைக்கவில்லை. மெஷினுக்குக் கூரையில் ஆன்டெனா வைத்து நெட் கொடுத்திருந்தேன், கீழே காட்டில் சிக்னல் கிடைப்பதே அதிர்ஷ்டம். மூன்றாவது முறை எடுத்தார்.

"சொல்லுங்க பாய். சத்தம் நின்னு போச்சுங்க, அதான் ஒயர எடுத்துப் போட்டறலாம்னு வந்தனுங்க. கெளை முறிஞ்சு ஒயரு அந்துபோயிக் கெடக்குதுங்க."

"அண்ணா, தொடாதீங்க. நாலாம் நம்பர் ஓடுது. ஒயர்ல கரண்ட் இருக்குது."

"குனிஞ்சுட்டனுங்க பாய்," என்றார் மெதுவாக.

அப்படியே பின்னால் போங்கள், எதையும் மிதிக்காதீர்கள், மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டி விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். வைத்துவிட்டார். நான் தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பினேன். பின்னால் ரிப்பேர் மேசையில் நாலாம் நம்பர் மெஷின் இருந்தது.

ஃபேன் கெட்டுப்போய் முந்தின நாள் சாயங்காலம் நானே வண்டியில் கட்டிக் கொண்டுவந்தது. மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த போர்டு மூன்றையும் உருவி, பேப்பர் மேல் வரிசையாக வைத்திருந்தேன். ஒரு ஒயர்கூட அதில் இல்லை. மூடியில் என் கையெழுத்தில் நாலு. போனைப் பார்த்தேன், பச்சை. மேசையைப் பார்த்தேன். டீச்சர் வேறு, ஏன் தம்பி, டிஸ்ப்ளே உடைந்துவிட்டதா என்று கேட்கிறார்.

அண்ணன் திரும்பக் கூப்பிட்டார்.

"மூணு லைட்டும் எரியுதுங்க பாய். மெயின அமத்திட்டனுங்க."

ஊரில் கரண்ட் போகவே இல்லை. கிளை விழுந்து எங்கள் ஒயர்தான் அறுந்திருக்கிறது. மோட்டார் ரூம் பக்கத்துத் துண்டு ஈரப் புல்லில் முழு கரண்ட்டோடு கிடந்திருக்கிறது. மெஷின் பக்கம் சத்தம் நின்றதும், நான் பாடம் நடத்தின மாதிரியே, செருப்பில்லாத காலோடு ஓடி வந்திருக்கிறார். ஃபியூஸ் போயிருந்தாலாவது தப்பிக்க வழி உண்டு. அது போகாத மாதிரி கம்பி போட்டுக் கொடுத்தவனும் நானே.

கடையைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன். போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. சேற்றில் அண்ணனின் கால் தடம் ஒயர் முனைக்கு ஒரு முழம் தள்ளி வரைக்கும் வந்து நின்றிருந்தது, அங்கே இரண்டு குதிகாலும் ஆழமாகப் பதிந்திருந்தது. அதைப் பார்த்ததும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த மனிதரைக் கொல்லப் பார்த்திருக்கிறேன், அதுவும் தொழில் என்று பேர் வைத்து. ராசாத்தி அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை, கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அண்ணன்தான் கேட்டார்.

"ஏனுங்க பாய், நாலாவது மிஷினத்தான் நேத்தே நீங்க எடுத்துட்டுப் போனீங்களே? போன்லயே கேக்கோணும்னு நெனச்சனுங்க. ஆனா கை தானா பின்னால வந்துருச்சுங்க."

இருவரும் சேர்ந்து ஆப்பில் பழைய கணக்கைத் தள்ளிப் பார்த்தோம். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து நாலாம் நம்பர் சாம்பல். அன்றைக்கு மூன்றரைக்கு மேல் பதினோரு நிமிஷம் பச்சை. அண்ணன் மெயினை அணைத்த நேரத்துக்குத் திரும்பவும் சாம்பல். ஆப்பில் சும்மா பச்சை மட்டும் காட்டியிருந்தால் கோளாறு என்று விட்டுவிடலாம், அந்தப் பதினோரு நிமிஷத்துக்கு அது செய்த வேலையும் ஏறியிருந்தது.

எனக்கு மெஷின் விற்ற சேலத்துக்காரரிடம் கேட்டேன். வேறு யாராவது தெரியாமல் உங்கள் பெயரையும் நம்பரையும் போட்டு ஓட்டியிருப்பார்கள், இந்த லைனில் இதெல்லாம் சகஜம் என்றார். நம்பத் தயாராகத்தான் இருந்தேன், இப்போதும் யாராவது கேட்டால் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த யாரோ சரியாக அந்தப் பதினோரு நிமிஷத்தை எப்படிப் பிடித்தார் என்று கேட்டதற்கு அவர் டீ சொல்லிவிட்டார்.

அந்த வாரமே எல்லாவற்றையும் பிரித்துவிட்டோம். ஒயரை அண்ணனே துண்டு துண்டாக வெட்டிப் போட்டார். நல்ல மெஷின் மூன்றையும் விற்றேன். நாலாவதின் போர்டுகளை ஒருவர் வாங்கிக்கொண்டார், கூடு அடிவாரத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போனது. குழுவில் இருந்த கணக்கையும் மூடினேன். போனிலிருந்து ஆப்பை எடுக்கவில்லை. காரணம் எதுவும் இல்லை, சோம்பேறித்தனம்தான்.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. கடையில் ட்யூப் லைட் மினுக்கிக்கொண்டே இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி ட்யூபைக் கழற்றக் கையை நீட்டினேன். சட்டைப் பையில் போன் ஒலித்தது. அந்த ஆப்பின் சத்தம் எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். எடுத்துப் பார்த்தேன், நாலாம் நம்பர் பச்சை. அண்ணன் என்ன செய்கிறாரோ, எங்கே கை வைக்கிறாரோ என்று ஸ்டூலில் நின்றபடியே கூப்பிட்டேன். உடனே எடுத்தார். வெள்ளக்கடை கிராமத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்திருக்கிறாராம், பந்தியில் உட்கார்ந்திருக்கிறாராம். விஷயத்தைச் சொன்னேன். பின்னால் யாரோ ரசம் கேட்பது காதில் விழுந்தது.

"நா நல்லாத்தானுங்க இருக்கறேன்," என்றார். "நீங்க இப்ப எங்க நின்னுட்டிருக்கறீங்க பாய்?"

நீட்டின கை ட்யூபுக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. இறங்கிவிட்டேன்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வந்து சுவிட்ச், ஒயர், ஹோல்டர் எல்லாம் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை, ட்யூப்தான் பழசு என்று அவரே அதே ஸ்டூலில் ஏறி மாற்றிவிட்டுப் போனார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஆகியிருக்காது போலிருக்கிறது. சரி, இந்த முறை சும்மா வந்திருக்கிறது என்று என்னைத் தேற்றிக்கொண்டு ஆப்பைத் திறந்தேன்.

அன்றைக்குச் செம்மநத்தத்தில் பதினோரு நிமிஷத்தில் நின்றுவிட்டது. இந்த முறை நிற்கவில்லை. இன்றோடு ஒன்பது நாள், நாலாம் நம்பர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அண்ணன் தினமும் காலையில் போன் செய்து, நான் எங்கே இருக்கிறேன், கையில் என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்டுவிட்டுத்தான் காட்டுக்குப் போகிறார்.