அத்தை வந்து வைத்த நெஞ்செலும்பு சூப்

ஐந்தாம் மாதத்தில் எங்கள் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து பழங்காநத்தம் வீட்டுக்கு வந்த பிறகு என் மனைவி அழவில்லை, சரியாகப் பேசவுமில்லை. தட்டில் வைத்தது அப்படியே காய்ந்தது. நான்காம் நாள் சாயங்காலம், "சூடா ஏதாவது குடிச்சாத் தேவல" என்று மட்டும் சொன்னாள்.

அப்பத்தாவின் நெஞ்செலும்பு சூப் எனக்கு ஞாபகம் வந்தது. உடம்பு ஓய்ந்துபோனவர்களுக்கு எங்கள் குடும்பத்தில் அதைத்தான் வைப்பார்கள். அப்பத்தாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்தப் பக்குவம் தெரிந்தவர் சோழவந்தானில் இருக்கும் அத்தை மட்டும்தான். கடைசி நாட்களில் தன் அண்ணனை, என் அப்பாவை, எட்டிப் பார்க்கவில்லை என்று, அவருடைய சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் அத்தையை வாய்க்கு வந்தபடி பேசியவன் நான். அப்போது அவருக்கும் காலில் ஆபரேஷன் நடந்திருந்ததைப் பிறகுதான் அறிந்தேன். ஆறு வருஷமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

போனில் கேட்க வாய் வரவில்லை. மறுநாள் காலையில் பஸ் ஏறிப் போனேன். வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன்.

"எப்பிடி வைக்கணும்னு மட்டும் சொல்லுங்க அத்தே, எழுதிக்கிறேன்."

"எழுதிக்கிட்டுப் போயி நீ எங்கிட்டு வைக்க? இரு, வாரேன்" என்று உள்ளே போன அத்தை, துணிப்பையோடு வந்தார். இருவரும் பஸ்ஸில் ஆரப்பாளையம் வந்தோம். இறங்கியதும் கறிக்கடையில் எலும்பை அவரே பார்த்து வாங்கினார்.

வீட்டில் குக்கரைத் தொடவிடவில்லை. மிளகு, சீரகம், மல்லியைத் தட்டி, சின்ன வெங்காயமும் பூண்டும் நசுக்கிப் போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் சின்னத் தீயில் கொதிக்கவிட்டார். பிறகு டம்ளரோடு போய் என் மனைவியின் கட்டிலில் உட்கார்ந்தார்.

"எனக்கும் மொதப் பிள்ளை இப்பிடித்தான் போச்சு, தாயி. எங்கம்மா இதத்தான் வச்சுக் குடுத்துச்சு. அம்புட்டையும் குடிச்சிரு."

எனக்கு அது தெரியாது. வீட்டில் யாரும் சொன்னதில்லை.

என் மனைவி இரண்டு வாய் குடித்தாள். அப்புறம் அத்தையின் மடியில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அடுப்படிக்கு வந்தவரிடம், "மன்னிச்சிருங்க அத்தே" என்றேன்.

"அது முடிஞ்ச கதை. நீயும் ஒரு டம்ளர் குடி. உனக்குந்தானப்பா பிள்ளை போச்சு."

அதுவரை என்னிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டேன், உடனே குடிக்க முடியவில்லை. அத்தை பதினோரு நாள் எங்களோடு இருந்துவிட்டுத்தான் ஊருக்குப் போனார்.