இடத்துக்கு ஏத்த பெட்டி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் உம்மா சொல்வார். கல்யாணம் முடித்துக் கற்பிட்டிக்கு வந்தபோது அந்த மூக்கைக் கழற்றி என் ஊரான வண்ணாத்திவில்லிலேயே வைத்துவிட்டு வந்தேன். எங்கள் ஆட்களில் மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருப்பதுதான் வழக்கம். மாமியார் வீட்டில் இருக்கிறவன் தும்முவதற்கு முன்னும் ஒருமுறை யோசிப்பான். நான் தும்மாமலே இருந்துவிட்டேன்.

என்னோடு அந்த வீட்டுக்கு வந்தவை இரண்டு சூட்கேஸும் ஒரு பெரிய கொம்பியூட்டரும். அந்தக் கொம்பியூட்டர்தான் என் பிழைப்பு. வெளிநாட்டில் இருக்கும் ஒரு கட்டட அலுவலகத்துக்கு, இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்த மாதிரிப் படமாக்கி அனுப்புவேன். பளிங்குத் தரை, ஜன்னலால் விழும் வெயில், யாரும் உட்கார்ந்திராத சோபா. பிள்ளைகள் சைக்கிள் ஓடலாம், அவ்வளவு பெரிய ஹோல்கள். அதையெல்லாம் கட்டில் காலில் முழங்கால் இடிக்கும் ஒரு மூலையில் இருந்து செய்தேன்.

இந்த வேலையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. என் வாப்பா சவூதியில் இருந்தவர். அவர் என்னை முதன்முதலில் கண்டபோது எனக்கு மூன்று வயது. யாரோ ஒரு ஆள் தூக்க வருகிறான் என்று நான் உம்மாவின் பின்னால் ஒளிந்து கத்தினேனாம். அதைச் சொல்லி எல்லாரும் சிரிப்பார்கள், வாப்பா மட்டும் சிரிக்க மாட்டார். என் மனைவிக்குப் பிள்ளை தங்கியிருக்கிறது என்று தெரிந்த அன்று நான் எனக்குள் ஒரு நிய்யத் வைத்தேன். என் பிள்ளை என்னைக் கண்டு ஒளியக் கூடாது. என்ன வந்தாலும் வீட்டில் இருந்தே உழைப்பேன், கடல் தாண்ட மாட்டேன்.

ஆனால் கொம்பியூட்டர் வயதாகிக்கொண்டு வந்தது. கற்பிட்டிக் காற்றில் பாதி உப்பு. விசிறிகளின் அச்சில் துரு ஏறி, பெட்டி முழுதும் இரைய ஆரம்பித்தது. மாமா வெங்காயத் தோட்டக்காரர். ஒருநாள் சாப்பிடும்போது, "மருமகன்ட மெஷின் இரையுற இரைச்சலுக்கு என்ட தோட்டத்து மோட்டர் வெக்கப்பட்டு நிண்டுரும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றைக்கே முடிவெடுத்தேன். சத்தம் இல்லாத, இடம் அடைக்காத, இருக்கிறதே தெரியாத ஒரு சின்னக் கொம்பியூட்டரை நானே பொருத்துவேன்.

இப்படிச் சின்னதாகப் பொருத்துகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் பெட்டியின் அளவை லீற்றரில்தான் சொல்வார்கள், தண்ணீர்க் கலன் மாதிரி. என் பழையது ஐம்பது லீற்றருக்குக் கிட்ட. முதலில் பன்னிரண்டு லீற்றரில் ஒன்று திரையில் கீறினேன். ஒரு சாணுக்கும் குறைந்த அகலத்தில் ஒரு மதர்போர்ட், அதன் முதுகோடு முதுகாகக் கிராபிக்ஸ் கார்ட், கோபத்தில் படுத்திருக்கும் புருசன் பெண்சாதி மாதிரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டை வயர். பவர் சப்ளையைத் தலைமாட்டில் திணித்தேன். சின்னப் பெட்டியில் ஒரு தொல்லை, சூடு. எவ்வளவு சுருக்குகிறோமோ அவ்வளவு கொதிக்கும். காற்று எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் போகும், உப்பை எந்த வலையால் தடுப்பது என்று நாள் கணக்காக மண்டையை உடைத்தேன்.

திரையில் பார்த்தால் அளவு விளங்காது. ஆகவே ஒரு பிஸ்கட் பெட்டியை வெட்டி, அதே அளவில் ஒரு காட்போட் பெட்டி ஒட்டி வைத்தேன். மாமி திருக்கை மீனை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"மருமகன், அது எத்தனை சுண்டு அரிசி புடிக்கும்?"

"அரிசி போட இல்ல மாமி. புதுக் கொம்பியூட்டர் இந்தளவுலதான் வரப்போகுது."

"அல்லாஹ்வே, இம்புட்டுத்தானா? அப்ப நல்லம். கையோட கொண்டு போகலாம்."

ஓம் என்றேன். அறையில் இருந்து ஹோலுக்கு, ஹோலில் இருந்து அறைக்கு என்று அவர் சொல்கிறார் என்று நினைத்தேன்.

என் மனைவி பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "ஏன் இவ்வளவு சின்னதா?" என்று கேட்டாள்.

"இடத்துக்கு ஏத்த மாதிரித்தானே செய்யணும்" என்றேன். அளவுகோலில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. துருவுகிற சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தொடங்கியது.

அடுத்த மாதம் மனைவியின் தங்கைக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். பெரிய அறை, அதாவது எங்கள் அறை, புது மாப்பிள்ளைக்கு என்றும் முடிவாகியிருந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. மனைவிதான் உடுப்பு மடித்துக்கொண்டே, குசினிக்குப் பக்கத்தில் வெங்காயம் போட்டு வைக்கிற அறைக்கு நாங்கள் மாறப் போகிறோம் என்று சொன்னாள்.

"அதுல நாம ரெண்டு பேரும் மூச்சு விடலாமா?"

"உம்மா பக்கத்துல இருப்பா. புள்ள அழுதா கேக்கும்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் அந்த வீட்டு ஓடுகளையெல்லாம் கழற்றி எறிந்திருப்பேன். ஆனால் வெளியே வந்த சொல், "சரி, நல்லம்." அவ்வளவுதான். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் என்ன சண்டை பிடிப்பது? புது மாப்பிள்ளை வந்தால் பழைய மாப்பிள்ளை வெங்காயம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பன்னிரண்டு லீற்றரை எட்டாக்கினேன். அந்த அறையில் போய் அளந்தேன். ஒரு கட்டில், ஒரு அலுமாரி, பிள்ளைக்குத் தொட்டில். அதற்குப் பிறகு மேசைக்கு இடம் இல்லை. எட்டை ஐந்தாக்கினேன், காட்போட் பெட்டியையும் அதே அளவுக்கு வெட்டி ஒட்டினேன். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஒரு பலகை அடித்து, பெட்டியை அதில் வைத்து, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்யலாம் என்று திட்டம் மாறியது. வேலையும் போகாது, நானும் போகத் தேவையில்லை.

அந்தச் சுவரோ உப்பு ஊறின சுவர். நகத்தால் சுரண்டினால் சாந்து உதிரும். எவ்வளவு பாரம் தாங்கும் என்று ஏற்றிப் பார்ப்பதற்காக, காட்போட் பெட்டிக்குள் மணல் போட்டு மாமாவின் வெங்காயத் தராசில் தூக்கினேன். மாமா தோட்டத்தில் இருந்து வந்தவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

"எத்தனை கிலோ மருமகன்?"

"ஏழுக்குள்ள வந்தா நல்லம் மாமா."

"ஓம். ஏழுக்கு மேல விடமாட்டாங்க" என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

யார் விடமாட்டார்கள்? மாமியா? இவரா? தலைமாட்டில் ஒரு பலகை அடிக்கவும் இந்த வீட்டில் கிலோ கணக்கில் அனுமதி வேண்டுமா? அன்று முழுக்க அந்த மனிசனின் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. மணலைக் கொட்டிவிட்டு ஆறு கிலோவுக்குக் கணக்குப் போட்டேன்.

ஒரு கிழமைக்குள் அடுத்த இடி. பிளேன்டீயைக் குடித்து முடித்துவிட்டு மாமா மெதுவாகத் தொடங்கினார்.

"கட்டாருல என்ட கூட்டாளி ஒருத்தன் இருக்கான். அவன்ட கொம்பனில படம் கீறுறதுக்கு ஆள் வேணுமாம். உங்கட வேலைதான். பாஸ்போட் கொப்பி ஒண்டு தந்தீங்கண்டா நான் அனுப்பி விடுவன்."

ஆக, வெங்காய அறையும் அதிகம்தான். இனி இந்த வீட்டில் எனக்கு ஆறு கிலோவும் இல்லை, ஐந்து லீற்றரும் இல்லை. நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் எழுந்து குசினிக்குள் போனாள். அவளுக்கும் சம்மதம் போல என்று நினைத்தேன். வாயைத் திறந்து "போகமாட்டேன்" என்று ஒரு சொல் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அலுமாரியைத் திறந்து பாஸ்போட்டை எடுத்து, படம் பிடித்து, மாமாவின் போனுக்கு அனுப்பினேன். மரியாதை என்ற பெயரில் மனிசன் தன் கழுத்தைத் தானே எடுத்துக் கொடுப்பான் என்பதை அன்றைக்கு விளங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவளும் நானும் தேவைக்குத்தான் கதைத்தோம். சாப்பிட்டீங்களா, ஓம். மருந்து எடுத்தியா, ஓம். கொம்பியூட்டருக்குச் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போகவேண்டும் என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப் போட்டேன். வரைந்து முடித்த பெட்டி திரையில் அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது.

ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட்ட ஒரு வெள்ளிக்கிழமை. மாமி ஒரு துணிப் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தடித்த நீலத் துணி, உள்ளுக்குப் பஞ்சு வைத்துத் தைத்து, சிப் போட்டு, தோளில் மாட்ட வார் வைத்திருந்தது. என் காட்போட் பெட்டியை எடுத்து அதற்குள் இறக்கினார். அச்சாகப் பொருந்தியது.

"மிசின்ல நானே தைச்ச. புடிச்சிருக்கா மகன்?"

"வடிவா இருக்கு மாமி. இது என்னத்துக்கு?"

"பிளேனுல கையோட கொண்டு போகத்தான். உங்கட மாமா சொன்னாரு, கையில ஏழு கிலோதான் விடுவாங்களாம் எண்டு."

வண்ணாத்திவில்லில் வைத்துவிட்டு வந்த மூக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது.

"நான் எங்கயும் போகல்ல!" என்று கத்தினேன். "எல்லாருமாச் சேர்ந்து என்ன அனுப்பப் பார்க்கிறீங்களா? பெரிய அறை எடுத்தீங்க, சரி. வெங்காய அறைக்கு ஏத்த மாதிரிக் கொம்பியூட்டரையும் சுருக்கினேன். இனி நான் எதைச் சுருக்க?"

மாமியின் கை பையின் வாரிலேயே நின்றது. குசினி வாசலில் என் மனைவி வந்து நின்றாள்.

"போகல்லையா?" என்றாள். "அப்ப இடத்துக்கு ஏத்த மாதிரி எண்டு சொன்னீங்களே?"

"இந்த இடத்துக்கு! இந்த மூலைக்கு!"

"நீங்க போற இடத்துக்கு எண்டு நான் நெனச்சன்" என்றாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். "சின்னதாச் செய்றீங்க. நிறுக்கிறீங்க. போக வேணும் எண்டு நெனக்கிற மனிசன்ட காலைப் புடிச்சா நிப்பாட்ட?"

மாமி தலையில் கை வைத்தார். "நீங்க போறீங்க, இவளும் புள்ளையும் தனிய எண்டுதானே குசினிப் பக்கத்து அறையக் குடுத்த. இல்லாட்டி பெரிய அறையில கை வைப்பமா?"

மாமா கதிரையில் இருந்து எழும்பவில்லை. "எனக்கிட்டக் கேக்க வெக்கப்படுறாரு எண்டு நெனச்சுத்தான் நானாவே விசா தேடினன்" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை. இந்தக் கரையில் ஒரு ஆண்பிள்ளை பெட்டியை அளந்து, தராசில் தூக்கி, ஏழு கிலோ என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் வாப்பாவும் அப்படித்தான் தூக்கிப் பார்த்திருப்பார்.

உண்மை தெரிந்து என்ன, பெரிய அறை போனது போனதுதான். மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. கட்டார்க் கூட்டாளியிடம் மாமா போனில் மன்னிப்புக் கேட்டார். எனக்காக அவர் இன்னொருவரிடம் பணிந்து கதைப்பதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பது பெரிய தண்டனை. போனை வைத்துவிட்டு, அலுமாரிக்கு மேலே இருந்த அளவு டேப்பை எடுத்துக்கொண்டு ஹோலுக்கு வந்தார். விருந்தாளிகளின் கதிரைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"மேசை போட எத்தனை அடி வேணும் மருமகன்?"

"ரெண்டடி காணும் மாமா."

"பொய், வாப்பா" என்றாள் என் மனைவி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ரெண்டடில இவருக்குக் கையே வைக்க ஏலாது. நாலு வேணும்."

"நீ சும்மா இரி. நான் மருமகன்ட்டக் கேக்குறன்." மாமா என்னைத்தான் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. உங்களுக்கு எத்தனை வேணும்?"

அந்த வீட்டில் நான் அதுவரை ஒரு தலையணையும் கேட்டு வாங்கியதில்லை. சுவரைப் பார்த்தேன். கலண்டர், மணிக்கூடு, கீழே வெறும் இடம்.

"ஆறடி" என்றேன்.

மாமாவின் கை நின்றது. "ஆறடியா?" என்றார். சிரிக்கவில்லை. "ஆறடி மௌத்தானவனுக்கு மருமகன். உசிரோட இருக்கிறவனுக்கு அது காணாது. அந்த நுனியப் புடிங்க."

பிடித்தேன். மாமா மற்ற நுனியை இழுத்துக்கொண்டு சுவரோடு நடந்தார்.