மாதாவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று

யான்த்ரா ஆற்றோரத்து மழலையர் பள்ளியில் பிலியானாவின் வகுப்பில் மட்டும் தரை நெடுகக் குட்டிச் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். கூட்டிப் பெருக்கும் லில்யானா முதலில் சண்டை போட்டாள். பிறகு, சுற்றிப் பெருக்கப் பழகிக்கொண்டாள். அவை கழற்றிப் போட்டவை அல்ல, அளப்பதற்கு வைத்தவை. ஜன்னலிலிருந்து கதவு வரை எத்தனை செருப்பு என்பது அந்த ஆறு வயதுக்காரர்களுக்குத் தீராத வழக்கு.

எல்லாம் ஒரு கரடியால் வந்தது. அளவு சொல்லிக்கொடுக்கத் தோதான படப் புத்தகம் கிடைக்காமல் பிலியானா தானே ஒன்று வரைந்தாள். ஒரே பாலத்தைக் கரடியும் முள்ளம்பன்றியும் தத்தம் பாதத்தால் அளந்துவிட்டு, நீ பொய், நான் மெய் என்று மல்லுக்கு நிற்கும் கதை. கரடிப் பாதத்துக்குக் கணவன் ஒக்னியானின் செருப்பைத் தாளில் வைத்துக் கோடு இழுத்தாள். குழாய் வேலை செய்கிற மனிதர். கால் சற்றுப் பெரிது.

"ஊர்ல இருக்கிற பிள்ளைங்க எல்லாம் என் காலைப் பாத்து கரடின்னு சொல்லுதுங்க. சந்தோஷமா உனக்கு?" என்பார்.

"உன் காலை அளவா வச்சிருந்தா நான் ஏன் அதை வரையப்போறேன்?"

வண்ணம் தீட்டுவதற்கு அவள் எங்கும் படித்ததில்லை. முள்ளம்பன்றியின் முள் சரியாக வரும்வரை கிழித்துப் போட்டுக் கற்றாள். கரடிக்குப் பிறகு வாளியும் குவளையும் வந்தன, தர்பூசணி வந்தது. ஒவ்வொரு ஆண்டும் ஒரு புத்தகம். பிள்ளைகள் புரட்டிப் புரட்டி ஓரம் நைந்தால் துணி ஒட்டித் தைப்பாள்.

அந்த இலையுதிர்காலத்தில் புதிய தலைமையாசிரியை பென்கோவா வந்தார். நல்லவர்தான், ஆனால் எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பவர். தலைநகர் சோஃபியாவில் அச்சிட்ட பயிற்சிப் புத்தகங்கள் எல்லா வகுப்புக்கும் போதும் என்றார்.

"உன் படமெல்லாம் அழகா இருக்கு, பிலியானா. ஆனா அழகு வேற, கணக்கு வேற. டிசம்பர்ல பெத்தவங்கள வச்சு பாடம் நடத்து. பிள்ளைங்க பின்னத்தைச் சரியாச் சொன்னா உன் புத்தகம் இருக்கட்டும். இல்லேன்னா ஜனவரிலேருந்து அச்சுப் புத்தகந்தான்."

பிலியானா தூங்காமல் கொள்ளாமல் ஒரு புதுப் புத்தகம் போட்டாள். பண்டிகை நெருங்குகிற நேரம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை எல்லா வீட்டிலும் வட்ட ரொட்டி சுடுவார்கள், உள்ளே ஒரு காசு வைத்து. காசு யார் துண்டில் வருகிறதோ அவருக்கு ஆண்டு முழுக்க நல்ல காலம். அதைவிடப் பொருத்தமான வட்டம் வேறு ஏது? அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நடுவே ரொட்டி, ஆளுக்குக் கால் பங்கு. கோடுகளை அளவுகோல் வைத்து இழுத்தாள். பக்கத்தில் பளபளவென்று ஒரு கத்தி.

பாடத்தன்று சுவரோரம் பெற்றோர்கள் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பென்கோவா முன்வரிசையில். பிலியானா பக்கத்தைத் திருப்பினாள்.

"இந்த வீட்டுல நாலு பேரு. ரொட்டி எத்தனை துண்டாகணும்?"

"ஆறு!" என்றது வகுப்பு முழுவதும்.

பிலியானா படத்தில் இருந்த நால்வரையும் விரலால் தொட்டுக் காட்டினாள். "நல்லா எண்ணிப் பாருங்க."

"எண்ணிட்டோம் டீச்சர்," என்றாள் ரதோஸ்திணா, பல் விழுந்த சந்து வழியாக. "மாதாவுக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு. அப்புறந்தான் மத்தவங்களுக்கு."

"எங்க வீட்டுல எட்டு," என்றான் சாவா. "மாதா, வீடு போக இங்க நாங்க நாலு பேரு. அப்பா ஸ்பெயின்ல இருந்தாலும் அவருக்கும் பிய்க்கணும். பசுவுக்கு ஒண்ணு."

"டீச்சர், கத்தி எதுக்கு? அன்னிக்கு ரொட்டிய வெட்டவே கூடாது. பாவம்!" என்றது இன்னொரு பிள்ளை.

பெற்றோர்கள் பக்கம் களுக்கென்று சிரிப்பு. பென்கோவா சிரிக்கவில்லை. பிலியானா தன் படத்தைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அந்த ரொட்டியில் கத்தி பட்டுப் பார்த்ததில்லை. முதலில் கால் பங்கை மனதில் வைத்துக்கொண்டு அதற்கு ஒரு ரொட்டியைத் தேடியிருக்கிறாள், அதுதான் பிசகு.

புத்தகத்தை மூடி வைத்தாள். அலமாரியிலிருந்து வட்டமாக வெட்டிய மெல்லிய தாள்களை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தாள்.

"நான் தப்பா வரைஞ்சிட்டேன். உங்க வீட்டு ரொட்டிய நீங்களே மடிங்க. யார் யாருக்குன்னு சொல்லிக்கிட்டே மடிங்க. நிஜ ரொட்டி கை போன போக்குல பிய்யும். தாள்ல மட்டும் எல்லாத் துண்டும் ஒரே அளவா இருக்கணும்."

எட்டு சுலபம்: பாதி, அதில் பாதி, அதிலும் பாதி. ஆறு மடிக்கத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டு மல்லாட வேண்டியிருந்தது. பாதியாக்கி, அதைப் பொட்டலம் சுற்றுவதுபோல் மூன்றாக்கினாள் ரதோஸ்திணா. பிரித்து, சாவாவின் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எட்டு பெருசு, ஆறு சின்னது. ஆனா உன் துண்டு ஏன் குட்டியா இருக்கு?"

சாவா இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தான். "ரொட்டி ஒண்ணுதானே? ஆளு கூடக்கூட துண்டு இளைக்கும். எனக்கு எட்டுல ஒண்ணு, உனக்கு ஆறுல ஒண்ணு." கொஞ்சம் யோசித்து, "பரவால்ல, எங்கப்பாவுக்கும் இருக்கு," என்றான்.

பென்கோவா கையை நீட்டினார். "எனக்கும் ஒரு தாள் குடு."

மூன்றாக மடிக்க அவருக்கும் இரண்டு தாள் வீணானது. "மாதா, வீடு, நான். மூணுல ஒண்ணு. இந்த அறையிலேயே பெரிய துண்டு எனக்குத்தான்."

"அப்ப காசு உங்களுக்குத்தான் கிடைக்கும்!" என்று கத்தினான் சாவா.

இப்போது பென்கோவாவும் சிரித்துவிட்டார். போகும்போது கதவருகே நின்று, "அந்தக் கத்திய அழிச்சிடு," என்றார். "அச்சுப் புத்தகம் மத்த வகுப்புக்குப் போகட்டும். கரடிய மட்டும் ஒரு வாரம் சின்ன வகுப்புக்குக் குடு."

வீட்டில் பிலியானா புதுப் பக்கம் தீட்டினாள். ரொட்டியில் கோடே இல்லை. பிடித்திருக்கும் இரண்டு கைகள் மட்டும். ஒக்னியான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"கத்திய நான் அப்பவே பாத்தேன்."

"பாத்துட்டு வாயில என்ன வச்சிருந்த?"

"படந்தானேன்னு விட்டுட்டேன். கரடி பாலத்தை அளக்கும்போது நான் ஏதாவது கேட்டேனா?"

பண்டிகை மாலை, அவரவர் வீட்டு ஜன்னலில் விளக்கு. ஒக்னியான் ரொட்டியைத் தூக்கிப் பிய்த்தார். மாதாவுக்கு, வீட்டுக்கு, பிலியானாவுக்கு, தனக்கு. பிலியானா நான்கையும் பார்த்துச் சிரித்தாள்.

"நம்ம வீட்டுல மட்டும் என் கால் சரியாத்தான் வருது."

"இதுவா கால்? உனக்கு மலை மாதிரி, எனக்கு மண்ணாங்கட்டி மாதிரி."

"ரொட்டியில அப்படித்தான். வாங்கிக்க."

காசு வீட்டின் துண்டில் இருந்தது.