கறுப்பனுடைய சடை

கறுப்பு மாமா, நீங்கள் இல்லாமல் நான் கடல் தாண்டியது இதுதான் முதல் தடவை. உங்கள் கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். தனியாகப் பினாங்கு போகிற பெண்களுக்கும் உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

இந்தக் கறுப்பு மாமாதான் என் வீட்டுக்காரர்; பினாங்கு துறைமுகத்துக்கு வெளியே உட்கார்ந்து முடி வெட்டியவர். எதிரே காப்பிக்கடை வைத்திருக்கும் ஆ செங் அவருக்குச் சிநேகிதர்; கடை முதலாளி என்பதால் எங்களுக்கு அவர் 'தவுக்கே'. சீன ராஜாவுக்கு அடங்கியவன் என்பதற்கு அடையாளமாக ஆ செங் முதுகில் நீளச் சடை தொங்கும்.

"இதை எப்ப அறுக்கப் போறே தவுக்கே?" என்று இவர் சீண்டுவார்.

"சீனாவிலே எங்க ஊர்ப் படைக் கவர்னர், ராஜாவோட ஆளு, அவர் முதல்ல அறுக்கட்டும். அன்னிக்கு நீ வெட்டு!"

நடக்காத காரியம் என்று இருவரும் சிரிப்பார்கள். ஆடியில் காய்ச்சல் கண்டு இவர் போய்விட்டார்.

ஐப்பசியில், கடலுக்கு இக்கரையில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு வந்த வண்டிக்காரர் சொன்னார்: "அக்கா, அந்தக் கவர்னரே சடையை அறுத்துட்டு ராஜாவை எதிர்த்துப் புதுக் கொடி ஏத்திட்டாராம். பினாங்கிலே தெருத்தெருவா வெட்டுறாங்க லா!"

மறுநாள் விடிந்ததும் மூன்று கல் நடந்து படகேறினேன். கூலி ஐந்து காசு, சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். கரையில் இறங்கினால் ஒரே பட்டாசு. தரையெல்லாம் கறுப்புக் கயிறு மாதிரி சடைகள். காப்பிக்கடையைப் பார்த்து ஓடினேன். ஆ செங் சடையை யாராவது முந்தி வெட்டியிருந்தால்?

ஆ செங் கடை வாசலில் கூட்டம். அவர் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்து, சடையைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, கையில் கொதிக்கும் காப்பிக் கூஜாவோடு கத்திக்கொண்டிருந்தார்.

"தொடாதே! இது கறுப்பனோட சடை!"

"பயந்தாங்கொள்ளி! இன்னும் ராஜாவுக்குப் பயமா?" என்று வாலிபர்கள் கேலி செய்தார்கள்.

"தவுக்கே அண்ணே," என்றேன். கத்தரியைப் பார்த்ததும் கூஜாவைக் கீழே வைத்தார்.

"ஏன் தங்கச்சி இவ்வளவு லேட்டு? நேத்திலேர்ந்து சண்டை போடுறேன்!"

திரும்பி உட்கார்ந்தார். சடை தாம்புக்கயிறு போலத் தடித்திருந்தது. ஒரே வெட்டில் போகவில்லை. பல்லைக் கடித்து அழுத்தினேன். அறுந்து விழுந்ததும் தெருவே ஆர்ப்பரித்தது. ஆ செங் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துச் சிறுபிள்ளை போலச் சிரித்தார். எனக்கும், இத்தனை மாதத்துக்குப் பிறகு, சிரிப்பு வந்தது.

போகிறவர்கள் குடை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் கடல்மேல் மழை சொல்லாமல் வரும். இருட்டுமுன் படகேறிவிடுங்கள். ஆ செங் கடைக் காப்பியைக் குடிக்காமல் வராதீர்கள்.

மாமா, கவர்னர் அறுத்தார், உங்கள் கத்தரி ஜெயித்தது. நான் அதைச் சரியாகத்தான் பிடித்தேனா?