பூஜையில் வைத்த லேப்டாப்

ஆயுத பூஜையன்று என் சரக்கு ஆட்டோவின் சாவி, ஸ்பேனர்கள், மனைவியின் கத்தரிக்கோல் எல்லாவற்றோடும் மகளின் லேப்டாப்பும் சாமி படங்களுக்கு முன்னால் இருந்தது. மூடியின் நடுவில் சந்தனமும் குங்குமமும், மேலே செவ்வந்திச் சரம். பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில்தான் எடுப்போம். வண்டியைக்கூட எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கியதோடு சரி, அன்று வாடகைக்குப் போவதில்லை.

மகள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து என்னாலும் உட்கார முடியவில்லை.

அது அவளுக்கு முதல் வேலை. இன்னும் பயிற்சிக் காலம் முடியவில்லை. ஒரு மருத்துவமனையின் இணையதளத்துக்கு டெஸ்ட் எழுதுகிறாள். பரீட்சை இல்லை, தளத்தைத் தானாகச் சோதித்துப் பார்க்கும் புரோகிராம். அந்தத் தளத்தில் எழுத்தையும் படத்தையும் மருத்துவமனை ஆட்களே மாற்றிக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவர்கள் ஒன்றை மாற்றும்போது வேறொன்று கெட்டுப்போகும். கெட்டதா என்று பார்ப்பதற்குத்தான் அவள் எழுதும் டெஸ்ட். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவள் எழுதுவது புரியாது, ஓடுவதை மட்டும் பார்த்திருக்கிறேன். யாரும் தொடாமலே பக்கம் திறக்கும், டாக்டரைத் தேர்ந்தெடுக்கும், முன்பதிவுப் பொத்தானை அழுத்தும். சரியாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

முதலில் அவள் டெஸ்ட் பொத்தானில் உள்ள எழுத்தைத் தேடியது. மருத்துவமனையில் யாரோ அந்த எழுத்தை மாற்றினால் போதும், ஒரு குறையும் இல்லாமலே சிவப்பு. அவளுடைய மேலாளர் சலித்துவிட்டார். இன்னொரு முறை சும்மா சிவப்பு வந்தால் வேலையில் வைத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றாராம். அதன்பிறகு எழுத்தை விட்டுவிட்டு, அந்த ஆட்கள் கை வைக்க முடியாத ஒரு மறைவான அடையாளத்தைத் தேடும்படி எல்லாவற்றையும் திருத்தி எழுதினாள்.

மதியம் கம்பெனிக் கம்ப்யூட்டரில் டெஸ்ட் தானாக ஓடியது. போனில் வந்ததெல்லாம் சிவப்பு.

உடனே மேலாளர் அழைத்தார். "ஹப்பத தின தலெநோவு பேடம்மா" என்றார் கன்னடத்தில். ஹப்பா, அதாவது பண்டிகை நாளில் தலைவலி வேண்டாமாம், அந்த டெஸ்ட்டுகளை நிறுத்திவைக்கச் சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"லேப்டாப் வேணும்மா" என்றாள் மகள்.

"பூஜையில இருக்கறத எடுக்கறதா? நாளைக்குன்னு சொல்லு. அவன் வீட்ல ஹப்பா இல்லையா?" என்றாள் என் மனைவி.

"இருக்கு. அதான் டெஸ்ட்டை நிறுத்தச் சொல்றான். ஏன் சிவப்புன்னு நான் பார்க்கணும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் நான் தீர்ப்புச் சொல்கிறவன் இல்லை. "எடுத்துக்கம்மா" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது.

"அடேயப்பா, வாய் இருக்கா உங்களுக்கு! அப்படியே வண்டியையும் எடுங்க, ஊரெல்லாம் சுத்திட்டு வாங்க" என்றாள் மனைவி. ஆனால் செவ்வந்திச் சரத்தை அவளேதான் எடுத்துவைத்தாள்.

மகள் டெஸ்ட்டை மெதுவாக ஓடவிட்டாள். பக்கம் திறந்ததும் யானையும் அம்பாரியுமாக ஒரு தசரா வாழ்த்துப் படம் வந்து திரையை மூடியது. அன்று காலையில்தான் யாரோ போட்டிருக்கிறார்கள். அதை மூடும் குறியைக் காணோம். டெஸ்ட் அடியிலிருந்த பொத்தானைத் தேடித் தேடி அழுத்தப் பார்த்து நின்றுவிட்டது.

"அப்பா, உங்க போன்ல திறங்க. ஏதாச்சும் டாக்டருக்கு புக் பண்ணுங்க."

நான் விரலால் எங்கெங்கோ அழுத்தினேன். யானை நகரவில்லை.

"ஆகலியா?"

"ஆகலை."

"அப்ப டெஸ்ட் சரிப்பா. சைட்டுதான் கெட்டிருக்கு."

இதை அவரிடம் சொல்ல வேண்டும். நிறுத்தச் சொன்னவரிடம், நிறுத்தமாட்டேன் என்று. அவள் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். பேசப் பயப்படுவது என்னிடமிருந்து வந்தது. ஒரு வார்த்தை தைரியம் சொல்லலாம் என்று பக்கத்தில் போய்த் திரும்பிவிட்டேன். கீழே இறங்கி, காலையில் கழுவிய வண்டியையே மறுபடி துடைத்தேன். மேலே வந்தபோது யானை மறைத்த திரையின் படத்தோடு செய்தியை அனுப்பிவிட்டிருந்தாள். எதையும் நிறுத்தவில்லை.

பதில் வரவில்லை. சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு பிசைந்தபடியே இருந்தோம். சாயங்காலம் யானை போயிருந்தது. அவள் மறுபடி ஓடவிட்டாள், எல்லாம் பச்சை. அப்புறம்தான் மேலாளர் அழைத்தார். மருத்துவமனைக்காரர்களைத் திட்டினார். மற்ற கிளைகளின் பக்கங்களுக்கும் இதே போல எழுதவேண்டும், திங்கட்கிழமை ஆரம்பி என்றார். வேலை நிரந்தரமா என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

"இவ்ளோ வேலை கொடுக்கறாங்கன்னா வச்சுக்குவாங்க, இல்லையாப்பா?"

"வச்சுக்குவாங்கம்மா" என்றேன். சொல்லிவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். உட்காருங்கள் என்று மனைவி அதட்டும்வரை.