வரைபடத்தில் இல்லாத பேரி மரம்

ஒடெஸ்ஸா டின்ஸ்லி இருபத்தாறு வருஷமாக ஒரு பழைய அமெரிக்க ஜனாதிபதியின் பண்ணைவீட்டை வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறவள். ஜனாதிபதி செத்து இருநூறு வருஷமாகிறது. வர்ஜீனியா மலையடிவாரத்தில் வீடு, தோட்டம், காட்டுப்பாதை எல்லாம் அவர் விட்டுப்போன மேனிக்கே இருக்கவேண்டும் என்பது அதைப் பராமரிக்கும் அறக்கட்டளையின் பிடிவாதம். ஒடெஸ்ஸா அதற்கும் ஒரு படி மேல். ஜனாதிபதியின் கடிதங்களில் இல்லாத ஒரு சொல் அவள் வாயிலிருந்து வராது. யாராவது கேள்விப்பட்ட கதையை அவிழ்த்தால், "எந்தத் தேதிக் கடிதத்துலங்க இருக்கு?" என்பாள். 

காய்கறித் தோட்டத்தின் கடைசியில் ஒரு பேரி மரம். அங்கே தோட்டக்காரனாக இருந்த அவள் புருஷன் கார்லண்ட் யாரையும் கேட்காமல் நட்டது. அவன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். அவனுடைய சட்டைகளைக்கூட எடுத்துக் கொடுத்துவிட்டாள். மத்தியானம் அந்த மரத்தடியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்னும் பத்து நிமிஷம்தான் அவன் பக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும். அதற்காகவே வேலையை விடாமல் இருந்தாள்.

இந்த வசந்தத்தில் ஜனாதிபதி காலத்துத் தோட்ட வரைபடம் ஒன்று அகப்பட்டது. மரம் நிற்கும் இடத்தில் அவரைப் பந்தல் போட்டிருந்தது. செத்தவருக்கு அவரை காய்க்க வெயில் வேண்டுமாம், மரத்தை வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது.

கார்லண்டோடு வேலை பார்த்த ஹாலிஸ்தான் இப்போது தோட்டத்துக்குப் பொறுப்பு. அவனுக்கு மனசில்லை.

"அக்கா, கடிதத்தையெல்லாம் கரைச்சுக் குடிச்சவங்க நீங்க. எதுலயாவது பேரி மரம்னு ஒரு வரி இருக்கும்ல?"

"இல்ல."

"யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க இருக்குன்னு சொன்னா எவனும் புரட்டிப் பாக்க மாட்டான்."

ரெண்டு நாள் அந்த ஒரு வரி அவள் நாக்கு நுனியில் நின்றது. தேதிகூடப் போட்டுப் பார்த்தாள். சொல்லித் தொலைத்திருக்கலாம், எந்த ஜனாதிபதி சொல்லாத பொய்! மூன்றாம் நாள், "இல்லப்பா, வெட்டிடு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அழுதாள்.

மரம் விழுந்த மறுநாளும் கூட்டத்தை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். கால் நின்றுவிட்டது.

"இங்க என்ன இருந்துச்சுங்க?" என்றாள் குறிப்புப் புத்தகமும் கையுமாக வந்த ஒரு பெண்.

"அவரைப் பந்தல்" என்றாள் ஒடெஸ்ஸா. கூட்டம் நகர்ந்தது. அவளால் நகர முடியவில்லை.

"ஒரு நிமிஷங்க. நேத்து வரைக்கும் இங்க ஒரு பேரி மரம் நின்னுச்சு. கார்லண்ட் டின்ஸ்லி நட்டது. பழம் அப்படி ஒரு இனிப்பு."

அந்தப் பெண் பெயரை எழுதிக்கொண்டாள். "டின்ஸ்லி... ஜனாதிபதிக்கு உறவுங்களா?"

"இல்லீங்க," என்றாள் ஒடெஸ்ஸா. "எனக்கு."